மைனஸ் எட்டுக்கு எந்த லென்ஸ்?

அக்கா மகளுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டு. கண்ணாடிக் கடையில் பாதி முகத்தை மறைக்கும் ஃபிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு, "இருக்கிறதுலேயே மெல்லிசா போட்டுடுங்கண்ணா, சோடாபுட்டி மாதிரி வேணாம்" என்றாள். விலையைக் கேட்டதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் ஃபிரேமை வாங்கி, காதுக்கம்பியின் உட்புறத்தைப் பார்த்தேன்: 54, 18, 140.

காதுக்கம்பியில் இருக்கும் கணக்கு

54 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்குப் பாலம், 140 கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டர். முதல் இரண்டையும் கூட்டினால் 72. அவளுடைய இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம், கடையில் 'பி.டி.' என்பார்களே அது, 62 தான். மிச்சமுள்ள 10-ஐச் சரிக்கட்ட, லென்ஸின் மையத்தைப் பக்கத்துக்கு 5 மி.மீ. மூக்கை நோக்கித் தள்ளுவார்கள். அப்போது மையத்திலிருந்து காதோர விளிம்பு 32 மி.மீ. தள்ளிப்போகும்.

மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து விளிம்பில் தடிப்பது. அந்தத் தடிப்பும் தூரத்தின் வர்க்கத்தில் ஏறும்: தூரம் இரட்டித்தால் தடிப்பு நான்கு மடங்கு. 46, 18 ஃபிரேமில் அந்தத் தூரம் 24 மி.மீ. தான். கணக்குப் போட்டால், பெரிய ஃபிரேமில் விலையுயர்ந்த 1.74 லென்ஸும் சின்ன ஃபிரேமில் சாதா 1.5 லென்ஸும் விளிம்பில் ஏறக்குறைய ஒரே கனம், ஆறரை மி.மீ.!

எண் ஏற ஏற

1.5, 1.6, 1.67, 1.74 எல்லாம் ஒளிவிலகல் எண்கள். எண் கூடினால் குறைந்த வளைவே போதும், லென்ஸ் மெலியும். ஆனால் சும்மா கிடைப்பதில்லை. வண்ணச் சிதறலைக் குறிக்கும் அபே எண் சாதா பிளாஸ்டிக்கில் 58, 1.67-லும் 1.74-லும் 32-ஐ ஒட்டித்தான். அபே எண் குறைந்தால் சிதறல் கூடும். ஓரக்கண்ணால் பார்க்கையில் டியூப்லைட் விளிம்பில் நீலமும் மஞ்சளும் கசியலாம். ஒரு பரப்பில் 4 சதவீதமாக இருந்த பிரதிபலிப்பும் 1.74-ல் 7-ஐத் தாண்டுகிறது. ஆகவே பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏ.ஆர். கோட்டிங் இல்லாமல் வாங்காதீர்கள். அவள் கடைசியில் 46-ல் 1.67 எடுத்தாள், முணுமுணுத்துக்கொண்டே. ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு மெலிவைவிட உடையாமை முக்கியம், பாலிகார்பனேட் கேளுங்கள்.

கண் மெலிவதில்லை

மைனஸ் ஆறைத் தாண்டிய கண் பெரும்பாலும் இயல்பைவிட நீண்டிருக்கும். விழித்திரை இழுபட்டு மெலியும், கிழியவும் கூடும். கண்ணாடி எவ்வளவு மெலிந்தாலும் இது மாறாது. திடீரென மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் மொய்த்தாலோ, திரை விழுந்தது போல் மறைத்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைச் சோதித்துக்கொள்வது நல்லது. மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். வண்டி ஓட்ட ஆள் கூட்டிப் போங்கள்.