உஷார்! டிஸ்சார்ஜ் ஆன குட்டி இன்னும் தப்பவில்லை

ட்ரிப்ஸ் ஊசியை எடுத்து, முன்னங்காலில் பஞ்சு வைத்து ஒட்டி, "இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று டாக்டர் சொல்லும்போது நமக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நாலு நாளாக வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகத் துவண்டு கிடந்த குட்டி, வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டதே! அந்தச் சந்தோஷத்தில்தான் கோட்டை விடுகிறோம். பார்வோ என்கிற வைரஸ் நோயில் பிழைத்த நாய்க்குட்டி உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்து முடித்துவிட்டு அப்புறம் அதைக் கொஞ்சுங்கள்.

எங்கள் வீட்டுக் குட்டிக்கு அப்போது மூன்று மாதம். ஐந்தாம் நாள் வீடு திரும்பியது. விலா எலும்பு தெரிய நின்ற அதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. தெம்பு வரட்டும் என்று ஆட்டுக்கால் சூப் வைத்து, அரைக் கிண்ணம் ஊற்றினோம். ஆசையாக நக்கிக் குடித்தது. நள்ளிரவில் வாந்தி. விடியும்போது தலையைத் தூக்க முடியவில்லை. மறுபடி ட்ரிப்ஸ், மறுபடி இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நாங்கள் எங்கள் கையாலேயே கொடுத்தது.

குடலின் உட்புறம் டர்க்கி டவல் மாதிரி. பொடிப்பொடியான நூல்முனைகள் நெருக்கமாக நிற்கும். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அவைதான். வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப் போய்த் தாக்குவது பார்வோவின் குணம். அதனால் அந்த நூல்முனைகளைப் புதிதாக முளைக்க வைக்கும் அடிச்செல்களையே அது அழிக்கிறது. டவல் மழமழவென்று மொட்டையாகிவிடும். எலும்பு மஜ்ஜையையும் விடாது. வெள்ளையணுக்கள் சரிந்து, குடலில் இருக்கும் கிருமிகள் ரத்தத்துக்குள் இறங்கும். வாந்தி நின்ற அன்றைக்கே இதெல்லாம் சரியாகிவிடாது. புண்ணான குடலில் கொழுப்பு நிறைந்த சூப்பை ஊற்றினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

ஆகவே சூப் வேண்டாம், நெய் வேண்டாம், எலும்பு வேண்டவே வேண்டாம். பாலும் கூடாது. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்த நூல்முனைகளில்தான் இருக்கிறது, அவையோ இப்போது இல்லை. தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறியை உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவையுங்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. குழைய வடித்த சோறு இரண்டு பங்கு, கறி ஒரு பங்கு என்று பிசைந்து, முதல் நாள் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் மட்டும், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. அது இன்னும் கேட்கும், காலைச் சுற்றும், முகத்தைப் பார்க்கும். கொடுக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க வாந்தி இல்லையென்றால் அளவைக் கொஞ்சம் கூட்டலாம். பழைய சாப்பாட்டுக்கு ஒரு வாரத்தில் படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். பட்டினி போடுவதும் தப்பு. குடல் ஆறுவதற்கே அதற்குள் கொஞ்சம் உணவு போக வேண்டும். தவிர, சின்னக் குட்டிக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். தள்ளாடினாலோ நடுங்கினாலோ ஈறில் துளி தேனைத் தடவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். நினைவில்லாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போகும்.

மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை. குட்டி துள்ளுகிறது என்று ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தக் கூடாது. உடம்பு சுட்டால் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ, கழிச்சலுக்கு நாம் போடும் மாத்திரையையோ கொடுக்கவே கூடாது.

அடுத்து நான் சொல்வது இன்னும் பெரிய ஆபத்து. நலமாகிவிட்ட குட்டியின் மலத்தில் வைரஸ் இன்னும் வந்துகொண்டிருக்கும். குறைந்தது இரண்டு வாரம். ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அதுவரை தெருவுக்குக் கூட்டிப் போகாதீர்கள். இது எங்களுக்குத் தெரியாமல் போனதன் விலையைப் பக்கத்து வீட்டுக் குட்டி கொடுத்தது. வீடு திரும்பி ஒரு வாரத்தில், விளையாடட்டுமே என்று இரண்டையும் சேர்த்து விட்டோம். அடுத்த வாரமே அதற்கு வாந்தி. தடுப்பூசி ஒன்றுதான் போட்டிருந்தார்கள். அது பிழைக்கவில்லை. அந்த வீட்டுப் பெண் குழந்தை எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

இந்த வைரஸ் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1978-இல். ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. காரணம் அதன் பிடிவாதம். நிழலும் ஈரமுமான மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். செருப்பில், வண்டிச் சக்கரத்தில், சேலைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். மனிதர்களுக்கு இந்த நாய் வைரஸ் தொற்றாது, ஆனால் நாம்தான் அதற்கு வாகனம்.

பினாயில் ஊற்றித் துடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? பினாயிலை நம்பி இந்த வைரஸை விட்டுவைக்காதீர்கள். கையில் தேய்க்கும் சானிட்டைசரும் உதவாது. கொல்வது பிளீச்தான். முதலில் மலத்தையும் அழுக்கையும் அள்ளி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு 5 சதவீத பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு. அதாவது ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லி. அன்றன்றைக்குக் கலந்து, தரை பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி விட்டு, அப்புறம் நல்ல தண்ணீர் விட்டு அலசிய பிறகே குட்டியை உள்ளே விடுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு பிளீச்சைக் கலந்துவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும். துணிப் படுக்கையை எரித்துவிடலாம். மண் முற்றத்தை பிளீச் காப்பாற்றாது. வெயில் படும்படி விட்டு, அங்கே வேறு குட்டியை விடாமல் இருப்பதுதான் வழி. மலத்தை இரண்டு கவரில் முடிந்து போடுங்கள், தெரு ஓரத்தில் வீசாதீர்கள். தெருக்குட்டிகளுக்கு ட்ரிப்ஸ் போட யாரும் இல்லை.

முதல் வாரம் காலையும் மாலையும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறியோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் காத்திருக்காதீர்கள். மலம் சில நாள் இளக்கமாக இருப்பது சகஜம். ரத்தம் மறுபடி வருவது சகஜம் இல்லை. நின்றுபோன வாந்தி திரும்பி வந்து, வயிற்றைத் தொட்டால் கத்தினால், குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டிருக்கலாம். பார்வோவுக்குப் பின் குட்டிகளுக்கு வருகிற வினை இது. நேரே அறுவை சிகிச்சைதான், காலை வரை பார்ப்போம் என்று தள்ளிப்போட்டால் குட்டி இருக்காது.

பார்வோ வந்துவிட்டதே, இனி ஊசி எதற்கு என்று நினைக்காதீர்கள். பார்வோவுக்கு எதிர்ப்புச் சக்தி கிடைத்திருக்கும், டிஸ்டெம்பருக்கும் வெறிநோய்க்கும் கிடைக்கவில்லை. உடம்பு தேறியதும் டாக்டர் சொல்கிற தேதியில் போட்டுவிடுங்கள். புதுக்குட்டி எடுப்பவர்களுக்கு: ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை இடைவெளி விட்டுத் தொடர்ந்து போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புரதங்கள் முந்தைய ஊசிகளை முறித்துவிடலாம் என்பதால்தான் அந்தக் கடைசி ஊசி அவ்வளவு முக்கியம். உங்கள் தெருவில் யாராவது குட்டி எடுத்து வந்திருந்தால், உங்கள் வீட்டில் பார்வோ இருந்ததை இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். வாசலுக்கு வெளியே நின்றே சொல்லுங்கள், செருப்போடு உள்ளே போகாதீர்கள்.