தாமதமாக வந்த பச்சோந்தி

மனிதன் ஏன் சாகிறான்? தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களிடம் இதற்கு ஒரு பழங்கதை இருக்கிறது. நல்ல செய்தி வந்து சேரத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான் என்கிறது அந்தக் கதை.

ஆதியில் உன்குலுன்குலு ஒரு பச்சோந்தியை அழைத்து, “மனிதர்களுக்குச் சாவு இல்லை என்று போய்ச் சொல்” என அனுப்பினார். பச்சோந்தியின் நடைதான் தெரியுமே! முன்னும் பின்னும் ஆடி, யோசித்து யோசித்துத்தான் அடுத்த அடியை வைக்கும். போதாக்குறைக்கு வழியில் ஒரு செடியில் பழங்களைப் பார்த்ததும் அங்கேயே தங்கிவிட்டது.

பிறகு உன்குலுன்குலு ஒரு பல்லியை அனுப்பினார். அது கொண்டுபோன செய்தி வேறு: “மனிதர்கள் சாகட்டும்.” பல்லி ஒரே ஓட்டமாக ஓடிச் சொல்லிவிட்டது. ஆடி அசைந்து வந்த பச்சோந்தியிடம் மக்கள், “பல்லியின் சொல்லை ஏற்றுக்கொண்டுவிட்டோமே” என்றார்களாம்.

ஹென்றி காலவே என்ற ஆங்கிலேயப் பாதிரியார், ஜூலு மக்கள் சொன்னதை அவர்கள் மொழியிலேயே எழுதி, பக்கத்திலேயே ஆங்கிலத்தையும் சேர்த்து 1868 முதல் நூலாக வெளியிட்டார். உன்குலுன்குலு யார் என்பதில் கதை சொன்னவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. படைத்தவர் என்றனர் சிலர்; முதல் மனிதர் என்றனர் வேறு சிலர்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டு, பிறகு ஏன் மனம் மாறினார்? கதை காரணம் சொல்லாமலே நகர்ந்துவிடுகிறது. விவிலியத்தின் ஏதேன் தோட்டத்தில் கனியைத் தின்றது மனிதன். அதற்குத் தண்டனையாக வந்தது சாவு. இங்கே பழம் தின்றது பச்சோந்தி. மனிதன் ஒரு தப்பும் செய்யவில்லை! பிள்ளையைப் பறிகொடுத்த தாய், “நான் என்ன பாவம் செய்தேன்” என்று அழ இந்தக் கதையில் இடமே இல்லை. அதற்காக ஜூலு மக்கள் எல்லாச் சாவையும் விதியென்று விட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒரு வீட்டில் ஒருவர் இறந்தால் சூனியமா, முன்னோரின் கோபமா என்று குறி கேட்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. சாவு என்ற ஒன்று உலகத்துக்கு எப்படி வந்தது என்பதோடு கதையின் வேலை முடிந்துவிடுகிறது.

கண்டத்தின் இன்னொரு மூலையில், நைஜீரியாவின் இக்போ மக்களிடமும் இதன் உறவுக்கதை ஒன்று உண்டு. இறந்தவர்கள் திரும்பிவர வேண்டும் என்று சுக்வு கடவுளிடம் கேட்க மனிதர்கள் நாயை அனுப்புகிறார்கள். ஒட்டுக்கேட்ட தேரை முந்திப் போய், “அவர்களுக்குத் திரும்பிவர விருப்பமில்லை” என்று மாற்றிச் சொல்லிவிடுகிறது. எழுத்தாளர் சினுவா அச்சேபே 1970-களில் எழுதிய ஒரு கட்டுரையில் இதை மொழியைப் பற்றிய கதையாக எடுத்துக்கொண்டார். அந்தப் பார்வைதான் சரியென்று தோன்றுகிறது. எழுதிக் கொடுத்தனுப்பாத காலத்தில் தூதன் வாயில் இருப்பதுதான் செய்தி. அவன் பிசகினால் சரிபார்க்க ஓலைகூடக் கிடையாது. “தினம் எண்ணெய் தேய்த்துக் குளி, மாதம் ஒருமுறை சாப்பிடு” என்று சிவன் சொன்னதை நந்தி மாற்றிச் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. நம் கதையில் பிசகியது சாப்பாடு, அங்கே உயிர்.

பழி மட்டும் பச்சோந்தியை விடவில்லை. தென் மொசாம்பிக்கின் ரொங்கா மக்களிடமும் பச்சோந்திக் கதை உண்டு. அங்கே மாடு மேய்க்கும் சிறுவர்கள் பச்சோந்தியைக் கண்டால் அதன் வாயில் புகையிலையைப் போட்டு, அது நிறம் மாறி மாறித் துடித்துச் சாவதை வேடிக்கை பார்ப்பார்களாம். சுவிஸ் பாதிரியார் ஹென்ரி ஜூனோ 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இன்றும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பச்சோந்தியைக் கண்டால் ஒதுங்குகிறவர்கள் உண்டு. இத்தனைக்கும் அதற்கு விஷம் கிடையாது. துரத்தினால் வேகமாக ஓடவும் தெரியாது.