வெயில் ஊருக்குக் கெட்டி ஆயிலா? வேகக் கார்களுக்கு ஏற்ற இன்ஜின் ஆயில் கிரேடு

ஆயில் வியாபாரத்தில் உள்ள நம் சங்க உறுப்பினர்கள் பலரும் இப்போது ஒரே கேள்வியைச் சந்திக்கிறார்கள். டர்போ இன்ஜின் கார் வைத்திருக்கும் இளைஞர் கடைக்கு வருகிறார். "அண்ணே, வண்டி நல்லா இழுக்கணும், ஸ்பீடா போனாலும் இன்ஜின் தாங்கணும், எந்த ஆயில் போடலாம்?" என்கிறார். 2024 ஆகஸ்டு கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார் பந்தயம் நடந்த பிறகு, "ரேஸ் ஆயில் இருக்கா?" என்று கேட்பவர்களும் வருகிறார்கள். கவுண்ட்டரில் இருக்கும் நம் பையன் யோசிக்காமல் சொல்லும் பதில்: "நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 கெட்டி ஆயில் போடுங்க, தாங்கும்."

இந்தப் பதில் அம்பாசடருக்கும் பியட்டுக்கும் சரி. இன்றைய டர்போ காருக்குச் சரியல்ல. ஏன் என்பதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறோம்.

முதலில் டின்னின் மேல் உள்ள எண்ணைப் பார்ப்போம். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. சங்கம் வகுத்த கிரேடு அது. 5டபிள்யூ-30 என்றால் இரண்டு செய்திகள் அதில் உள்ளன. முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி இருக்கும் என்பதைக் குறிக்கிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்து, இன்ஜின் சுழல எவ்வளவு தடை கொடுக்கிறது என்று சோதிக்கிறார்கள். பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் ஆயிலின் பாகுநிலை. அதைச் சென்டிஸ்டோக் என்னும் அளவில் சொல்வார்கள். 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை.

"மைனஸ் 30 டிகிரி நம் ஊரில் ஏது? முன் எண் நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 டிகிரியில் 5டபிள்யூ-30 ஏறத்தாழ 11 சென்டிஸ்டோக், 20டபிள்யூ-50 ஏறத்தாழ 18. அதே ஆயில்களை 40 டிகிரியில் அளந்தால் முன்னது 60, 70 அளவில் இருக்கும். பின்னது 150-க்கு மேல் போய்விடும். அதாவது மே மாத மதிய வெயிலில் நிற்கும் காரில்கூட, சாவி போடும் நேரத்தில் ஆயில் வேண்டியதைவிடப் பல மடங்கு கெட்டியாகத்தான் இருக்கிறது. நமக்குத்தான் அது வெயில். 100 டிகிரிக்காகக் கட்டிய இன்ஜினுக்கு அது குளிர். ஸ்டார்ட் செய்து முதல் சில வினாடிகள், ஆயில் மேலே ஏறும் வரை, இன்ஜின் பாகங்கள் அதிகம் தேய்கின்றன. கெட்டி ஆயில் மெதுவாக ஏறும்.

ஓடும்போது? நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31-ல் 45 டிகிரி பதிவானது. சென்னையில் அதுதான் உச்சம். அந்த நாளிலும் சரி, மார்கழி விடியலிலும் சரி, காரின் கூலன்ட் ஏறத்தாழ 90 டிகிரியில்தான் நிற்கும். தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் விசிறியும் அதற்காகவே இருக்கின்றன. ஆகவே வெளி வெயிலை வைத்து ஆயில் கிரேடு தீர்மானிப்பது பழைய காலக் கணக்கு.

பழைய இன்ஜின்களில் பேரிங் இடைவெளி தாராளம். கெட்டி ஆயில் அதை நிரப்பியது. இப்போது வரும் டர்போ கார்களில் இடைவெளி மிகக் குறைவு. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பும் டைமிங் செயின் இழுப்பானும் ஆயில் அழுத்தத்தால் இயங்குபவை. சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலும். அங்கே ஆயில் ஓடி ஓடிச் சூட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நம் பகுதிச் சில்லறை வியாபாரி ஒருவர் இப்படி ஒரு காருக்கு 20டபிள்யூ-50 கொடுத்தார். காலையில் ஸ்டார்ட் செய்தால் செயின் சத்தம் என்று வண்டிக்காரர் சர்வீஸ் சென்டருக்குப் போனார். அங்கே பில்லைப் பார்த்துவிட்டு வாரண்டி இல்லை என்றார்கள். அவர் அந்தப் பில்லோடு நேரே கடைக்கு வந்துவிட்டார்.

கெட்டியாக இருந்தால் வேகத்துக்கு நல்லது என்ற எண்ணம் பந்தயத் திடலிலிருந்து வந்தது. அந்தக் காலப் பந்தய இன்ஜின்களுக்கு ஆமணக்கெண்ணெயே ஊற்றினார்கள். சூட்டிலும் படலம் விடாது என்பதால். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். நம் பக்கத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில் ஓடியவை அந்தக் கால வடிவமைப்புகள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் திடல் வந்தது; இன்ஜின்களும் மெல்ல மாறின. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2000-களில் தன் எம் ரகக் கார்கள் சிலவற்றுக்கு 10டபிள்யூ-60 கேட்டது. பின்னால் வந்த டர்போ எம் கார்களுக்கு 0டபிள்யூ-30 போதும் என்றது. குதிரைத்திறன் ஏறியது, ஆயில் இளகியது.

இனி வியாபாரிகள் அதிகம் கவனிக்காத ஒன்று. அலமாரியில் இருக்கும் இரண்டு 5டபிள்யூ-30 டின்களும் ஒன்றல்ல. பேரிங்குக்குள் ஆயில் 150 டிகிரியில், கடுமையாக நசுக்கப்படும்போது எவ்வளவு படலம் மிஞ்சுகிறது என்று தனியாக ஒரு சோதனை இருக்கிறது. 30 கிரேடுக்கு அதில் 2.9 இருந்தால் எஸ்.ஏ.இ. தேர்வு பாஸ். ஐரோப்பிய ஏ.சி.இ.ஏ. அமைப்பின் சி3 அல்லது ஏ3/பி4 என்று டின்னில் இருந்தால் குறைந்தது 3.5 இருக்க வேண்டும். வேகமாக ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம்; கிரேடு எண் மட்டும் அதைச் சொல்லாது. ஆகவே டின்னின் பின்புறத்தைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

அதே போல் ஏ.பி.ஐ. எழுத்துகள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் சிறிய டர்போ இன்ஜின்களில், குறைந்த சுற்றில் அழுத்தி மிதித்தால் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டன் உடையும் ஆபத்து உண்டு. ஆயிலில் சேர்க்கும் கால்சியம் வகைச் சோப்புப் பொருளும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டு, 2018-ல் எஸ்.என். பிளஸ், 2020-ல் எஸ்.பி. என்ற தரங்கள் வந்தன. டர்போ பெட்ரோல் காருக்கு வெறும் எஸ்.எல்., எஸ்.எம். டின்னை எடுத்துக் கொடுக்காதீர்கள். துறைமுகக் கண்டெய்னர் லாரிகளுக்கு விற்கும் 15டபிள்யூ-40 டீசல் ஆயில் பேரலில் இருந்து நாலு லிட்டர் பிடித்துக் கொடுப்பது அதைவிட மோசம்.

மாத்தூரில் கடை வைத்திருக்கும் நமக்கு இதெல்லாம் தூரத்து விஷயமல்ல. பக்கத்து மணலியில் 1969-ல் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இன்றைய சென்னை பெட்ரோலியம், பெட்ரோல் டீசலோடு லூப் பேஸ் ஆயிலும் எடுக்கிறது. அதே மணலியில் இந்தியன் அடிட்டிவ்ஸ் நிறுவனம் ஆயிலில் சேர்க்கும் மருந்துகளைத் தயாரிக்கிறது. பேஸ் ஆயிலும் மருந்தும் கலந்ததுதான் டின். 20டபிள்யூ-50, 5டபிள்யூ-50 போன்ற அகலமான கிரேடுகளில் சூட்டில் இளகாமல் இருக்கப் பாலிமர் சேர்ப்பார்கள். முன் எண்ணுக்கும் பின் எண்ணுக்கும் இடைவெளி கூடக் கூட, சாதாரண பேஸ் ஆயிலாக இருந்தால் பாலிமரும் கூடும். நசுங்கி நசுங்கிப் பாலிமர் அறுந்தால் 50 என்று வாங்கியது சில ஆயிரம் கிலோமீட்டரில் 40 ஆகிவிடும். சிந்தெடிக் ஆயில் விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வாடிக்கையாளரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அப்படியானால் கிரேடை ஏற்றவே கூடாதா? கூடும். இருங்காட்டுக்கோட்டைத் திடலில் சுற்றுச் சுற்றாக ஓட்டுபவரின் ஆயில் 130 டிகிரியைத் தாண்டும். அப்படிப்பட்டவருக்கு, கார் கம்பெனிப் புத்தகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடு அனுமதித்திருந்தால், அதில் கெட்டியானதைக் கொடுக்கலாம். 30-க்குப் பதில் 40. திடலில் ஓட்டி வந்ததும் ஆயிலை மாற்றிவிட வேண்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர்களுக்கு நடுவே முதல் கியரில் ஊர்ந்து போகும் காருக்கு அது வேண்டாம். புத்தகத்தில் உள்ள கிரேடே போதும். அங்கே கிலோமீட்டரைவிட மாதக் கணக்கு பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

கவுண்ட்டர் பையனுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது இதுதான்: கார் மாடல், வருடம், பெட்ரோலா டீசலா, டர்போ உண்டா என்று கேட்டு, புத்தகத்தை அல்லது ஆயில் மூடியில் பொறித்த எண்ணைப் பார்க்கச் சொல்ல வேண்டும். புத்தகம் இல்லையென்றால் ஆயில் கம்பெனியின் பரிந்துரைப் பட்டியலைப் பார்க்கலாம். கார் ஆயில் கேட்டு பைக்கும் வைத்திருப்பவராக இருந்தால், மிச்சத்தை பைக்கில் ஊற்ற வேண்டாம் என்று ஒரு வார்த்தை; கிளட்ச் ஆயிலில் நனைந்து ஓடும் பைக்குக்கு ஜாசோ எம்.ஏ. முத்திரை உள்ள ஆயில்தான். பில்லில் வெறும் "ஆயில் 4 லி." என்று எழுதாமல் கார் மாடல், கிரேடு, தரம், டின்னின் பேட்ச் எண் நான்கையும் எழுதி, சீலை வாடிக்கையாளர் முன்னால் அவரே உடைக்கும்படி கொடுங்கள்.