தறிக்கு வரும் கணிப்பொறிச் சித்திரங்கள்: பிழை காணும் முறை

மைசூருக்குக் கிழக்கே, சற்றுத் தெற்காக அமைந்துள்ள கொள்ளேகால் பட்டுக்குப் பெயர் பெற்ற ஊராகும். 1956 நவம்பர் 1 வரை இத்தாலுகா சென்னை இராஜ்யத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது; அவ்விராஜ்யத்தில் மல்பெரிச் சாகுபடியும் பட்டுப்புழு வளர்ப்பும் மிகுந்திருந்த பகுதியும் இதுவே. 1997 முதல் இது சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. இத்தகைய ஊர்களில் சேலையின் கரைக்கும் முந்திக்கும் புட்டாவுக்கும் வேண்டிய சித்திரங்களை முன்பு கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமாக வர்ணம் தீட்டித் தயாரிப்பது வழக்கம். இன்று அவ்வேலையில் பெரும் பகுதி கணிப்பொறியிலேயே நடைபெறுகிறது. காலம் மிச்சமாகிறது என்பது உண்மையே. ஆயினும், கட்டத்தாளில் வரைந்தவர் தமது கண்ணாலேயே கண்டு திருத்தி வந்த சில பிழைகள், கணிப்பொறியில் ஓசையின்றித் தறிவரை சென்றுவிடுகின்றன. பட்டுப் பாவின் மீது அவை வெளிப்படும்பொழுது நஷ்டம் நெசவாளரையே சேருகிறது.

இப்பிழைகளை அறிவதற்கு ஜக்கார்டு இயந்திரத்தின் தத்துவம் நினைவில் இருத்தல் அவசியம். 1804ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஜோசப் மரீ ஜக்கார்டு உருவாக்கிய இச்சாதனத்தில், ஊடை இழை ஒன்றுக்கு ஓர் அட்டை உண்டு. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதனுடன் இணைந்த கொக்கி மேலே தூக்கப்படும். கொக்கியில் கட்டிய பாவு இழைகளும் உயரும். துளை இல்லாவிடில் ஊசி தள்ளப்பட்டு, கொக்கி கீழேயே தங்கும். 1983இல் அறிமுகமான மின்னணு ஜக்கார்டில் அட்டைகள் இல்லை. எனினும் தத்துவம் மாறவில்லை. ஆகவே, கணிப்பொறிச் சித்திரத்தில் ஒரு நெடுவரிசை என்பது ஒரு கொக்கி. ஒரு குறுக்குவரிசை என்பது ஓர் ஊடை இழை. அது படம் என்பதைவிடத் தறிக்கு இடும் கட்டளைப் பட்டியல் என்பதே பொருந்தும்.

மிகுதியாகக் காணப்படும் பிழை அளவுப் பொருத்தமின்மையாகும். ஓர் அங்குலத்தில் 80 பாவு இழைகளும் 60 ஊடை இழைகளும் உள்ள துணியை எடுத்துக்கொள்வோம். கொக்கிக்கு ஓர் இழை வீதம் கட்டியிருந்தால், ஓர் அங்குல வட்டத்திற்கு 80 நெடுவரிசைகளும் 60 குறுக்குவரிசைகளும் வேண்டும். திரையில் கட்டங்கள் சதுரமாக இருப்பதால், 80க்கு 80 என வரைந்த வட்டம் அங்கே அழகாகவே தோன்றும். தறியிலோ அதன் உயரம் ஓர் அங்குலமும் மூன்றில் ஒரு பங்குமாக நீண்டு, வட்டம் முட்டை வடிவாகும், மயில் கொக்காகிவிடும். இதற்குத் திருத்தம், மென்பொருளில் பாவு அடர்த்தியையும் ஊடை அடர்த்தியையும் முதலிலேயே பதிவு செய்வதாகும். கொக்கி ஒன்றில் இரண்டு இழைகள் கட்டியிருந்தால் பாவு அடர்த்தியை 80 என்று கொடாமல் 40 என்று கொடுத்தல் வேண்டும். பலர் தவறுவது இவ்விடத்தில்தான். ஊடை அடர்த்தியைத் தறியில் இழுவிசையுடன் நிற்கும் துணியில் எண்ணுவதும் சரியன்று. இறக்கி, தளர்ந்த பின்னரே இழை எண்ணும் கண்ணாடியால் எண்ணுதல் வேண்டும்.

வர்ணங்களைப் பற்றியது அடுத்த தொல்லை. வர்ணம் தீட்டிய ஓவியத்தை ஸ்கேன் செய்தால், கண்ணுக்குச் சிவப்பு ஒன்றாகத் தெரிவது கோப்பில் நூற்றுக்கணக்கான சிவப்புகளாகப் பதிவாகிறது. உருவங்களின் ஓரங்களில் இரண்டு வர்ணங்களும் கலந்த இடைநிறங்கள் தோன்றும். தறிக்கு இடைநிறம் என்று ஒன்று இல்லை. இழை மேலே இருக்கும், அல்லது கீழே இருக்கும். ஆகவே வர்ணங்களின் எண்ணிக்கையை ஊடைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைத்து, ஓரங்களைக் கையாலேயே மீண்டும் வரைவது நலம். தனித்து நிற்கும் ஒற்றைக் கட்டங்களை மென்பொருளின் துணைகொண்டு தேடி நீக்கலாம். வேலை நடக்கும்பொழுது கோப்பை ஜேபெக் வடிவில் சேமிக்கலாகாது. ஒவ்வொரு முறை சேமிக்கும்பொழுதும் நீக்கிய புள்ளிகள் வேறு உருவில் திரும்பி வரும். பிஎம்பி வடிவில் இக்குறை இல்லை.

மூன்றாவது, மிதவை இழை. பாவில் கட்டுப்படாமல் நெடுந்தூரம் செல்லும் சரிகை, வளையலிலும் மோதிரத்திலும் சிக்கி அறுந்துபோகும். குறித்த எல்லையைத் தாண்டும் மிதவைகளைத் தனி நிறத்தில் காட்டும் வசதி பெரும்பாலான நெசவு மென்பொருள்களில் உண்டு. ஆயினும் அது எண்ணுவது நெடுவரிசைகளையேயன்றி இழைகளை அன்று. கொக்கிக்கு இரண்டு இழைகள் உள்ள தறியில் 10 நெடுவரிசை என்பது 20 இழைகள். முன் கூறிய துணியில் அது கால் அங்குலமாகும். நீண்ட மிதவைகளின் இடையே கட்டுப்புள்ளிகள் இடும்பொழுது அவற்றை அடுத்தடுத்துச் சாய்வாக வைத்தால், சரிகையின் பரப்பில் சாய்ந்த கோடுகள் தெரியும். சாட்டின் முறையில் சிதறி வைப்பதே சிறந்தது. துணியின் பின்புறத்தையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும்.

தொடர்ச்சிப் பிழையையும் கவனித்தல் தகும். 240 கொக்கிகள் கொண்ட இயந்திரத்திற்கு 241 நெடுவரிசையுள்ள சித்திரம் அனுப்பப்பட்டால், சில மென்பொருள்கள் எச்சரிக்காமலே அதைச் சுருக்கிவிடும். ஒரு நெடுவரிசை மறைந்து, கொடியின் மெல்லிய தண்டு ஓரிடத்தில் அறுபட்டுத் தோன்றும். அனுப்புமுன் சித்திரத்தின் நான்கு பிரதிகளை இரண்டுக்கு இரண்டாக அடுக்கிப் பார்த்தால் இணைப்பிலுள்ள குறை உடனே புலப்படும்.

தூக்க வேண்டிய இழைகள் குறைவாயிருக்கும் என்பதற்காகப் பல தறிகளில் துணியின் முகம் கீழ்நோக்கி இருக்குமாறு நெய்யப்படுகிறது. அத்தறிக்குச் சித்திரத்தை இடவலமாகத் திருப்புவதோடு, துளை உள்ளதும் இல்லாததும் மாறிவருமாறு செய்தலும் வேண்டும். இருபுறமும் ஒத்த உருவங்களில் இத்தவறு தெரியாது. மாதிரியின் ஓரத்தில் ‘க’ என்ற எழுத்தை வைத்து நெய்து, துணியின் முகத்தில் அது நேராக வாசிக்க வருகிறதா என்று பார்ப்பது எளிய சோதனையாகும்.

குறை கோப்பில் உள்ளதா, தறியில் உள்ளதா என்ற வினா களப் பணியாளர்களுக்கு அடிக்கடி எழும். துணியின் நீளவாட்டில் இடைவிடாது செல்லும் பிழை, அகலத்திலுள்ள எல்லா உருவங்களிலும் ஒரே இடத்தில் வருமாயின் அது கொக்கி அல்லது ஊசியின் கோளாறு. ஓர் உருவத்தில் மாத்திரம் வருமாயின் கயிறு அறுந்திருக்கும். குறுக்கே ஒரே ஊடையில் தோன்றி, உருவம் திரும்பும்பொழுதெல்லாம் திரும்புவது அட்டையின் பிழை. எல்லா உருவங்களிலும் ஒரே ஒரு புள்ளி தவறியிருந்தால் திரையைப் பார்க்க வேண்டும்: திரையிலும் அப்புள்ளி இருப்பின் குற்றம் கோப்பினுடையது, இல்லாவிடில் துளையிட்டவருடையது. இவ்வாறு பிரித்தறியாமல் சித்திரக்காரரைக் குறை கூறுவது வீண் வாதத்தில் முடியும்.

அளவுப் பிழையை மாணவர்களுக்கு விளக்க விரும்பும் ஆசிரியர்களுக்குப் புரொஜெக்டர் நல்ல கருவியாகும். வெளிநாடுகளில் தையற்காரர் சிலர் உடைகளின் வெட்டு வடிவத்தைத் தாளில் அச்சிடாமல் புரொஜெக்டர் மூலம் துணியின் மீதே விழச்செய்து வெட்டுகின்றனர். அவர்களுக்கும் இதே தொல்லைதான். கோப்பு நூற்றுக்கு நூறு அளவில் காட்டப்படாமல் திரைக்குத் தக்கவாறு சுருங்கினால் ரவிக்கையின் தோள் குறுகிவிடும். புரொஜெக்டர் சாய்ந்திருந்தால் சதுரம் ஒரு புறம் அகன்று சரிவகமாகும். ஒரு சதுரக் கட்டத்தைச் சுவரில் விழச்செய்து, மாணவர்களை அளவுகோலால் நான்கு பக்கங்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கச் சொல்லலாம். பக்கங்கள் சமமாயிருந்தும் மூலைவிட்டங்கள் வேறுபட்டால் அது சதுரமன்று என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

அட்டைக் கணக்கையும் முன்னரே போட்டுவிடுதல் வேண்டும். மூன்று அங்குல உயரமுள்ள புட்டாவுக்கு, அங்குலத்திற்கு 60 ஊடை வீதம், 180 அட்டைகள் தேவை. புட்டா ஊடைகள் தனியாகச் சேர்ந்தால் அவற்றுக்கும் அட்டைகள் வேண்டியிருக்கும். துளையிட்ட பின்னர் அளவை மாற்றினால் கட்டு முழுவதும் வீணாகும். ஆதலின், இயலுமாயின் வேலை முடிந்த பாவின் எஞ்சிய முனையில் ஓர் உருவத்தை விலை குறைந்த பருத்தி ஊடையால் நெய்து பார்த்த பின்னரே சரிகையைத் தொடுதல் வழக்கமாக இருத்தல் நலம். பருத்தி இழை சரிகையினும் தடித்ததாயின் உருவம் சற்று உயர்ந்து தோன்றும். அவ்வேறுபாட்டைக் கழித்தே அளத்தல் வேண்டும்.