ஒரு கிராமமும் அதன் மைதானமும்

ஒரு கிராமத்திற்கு உயிர்நாடியாய் அமைவது எது? கோயில் என்பர் சிலர். பள்ளிக்கூடம் என்பர் வேறு சிலர். சந்தை என்பாரும் உளர். அயர்லாந்து தேசத்துக் கிராமவாசிகளை இக்கேள்வி கேட்டால், அவர்களுட் பலர் சற்றுந் தயங்காது, 'எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம்' என்றே விடையிறுப்பர். அத்தீவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கேலிக் விளையாட்டுக் கழகங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் சரித்திரத்தை இவ்வாரம் எம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

வட அயர்லாந்தில், ஆர்மா மாவட்டத்தின் தென்கோடியில், தாழ்ந்த குன்றுகளுக்கும் சிறு சிறு வயல்களுக்கும் இடையே அமைந்துள்ளது கிறொஸ்மக்ளென் என்னும் சிற்றூர். அங்கு வசிப்போர் ஏறக்குறைய 1,600 பேர். ஊரின் நடுவே, அதன் அளவுக்குப் பொருந்தாத மிகப் பெரிய சதுக்கம் ஒன்று உண்டு. 1921ஆம் ஆண்டில் அயர்லாந்து இரு கூறாக்கப்பட்டபோது வரையப்பட்ட எல்லைக்கோடு ஊருக்குச் சில மைல் தூரத்திலேயே செல்கிறது. இவ்வூரின் கழகமே 'கிறொஸ்மக்ளென் றேஞ்சர்ஸ்' என்பது. கறுப்பும் பொன்மஞ்சளும் அதன் வர்ணங்கள். அது தோன்றிய ஆண்டு 1887.

ஆட்டத்தின் இலக்கணம்

கழகத்தின் கதையைச் சொல்லுமுன், கேலிக் உதைபந்தாட்டம் எத்தகையது என்பதைச் சிறிது விளக்குதல் தகும். நாம் அறிந்த உதைபந்தாட்டத்தில் பந்தைக் கையாற் தொடுவது குற்றம். இதிலோ கையும் காலும் ஒருங்கே தொழிற்படும். ஒரு கோஷ்டிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையிலேந்தி நான்கு அடிக்கு மேல் ஓடலாகாது. அதற்குள் அதனை நிலத்தில் ஒருமுறை அடித்தெழுப்ப வேண்டும், அன்றேல் கால்நுனியாற் தட்டி மீண்டும் கைக்கு வரச் செய்ய வேண்டும். தொடர்ந்து இருமுறை நிலத்தில் அடிப்பதும் பிழையாகும். தோழனுக்குப் பந்தைக் கொடுப்பவர் அதை எறிதல் கூடாது. உதைக்கலாம், அல்லது கையாற் குத்தி அனுப்பலாம்.

இரு கம்பங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டமுமே இலக்கு. சட்டத்தின் கீழே பந்து வலைக்குட் புகுந்தால் அது 'கோல்', அதற்கு மூன்று புள்ளிகள். சட்டத்தின் மேலாகக் கம்பங்களுக்கிடையே சென்றால் ஒரு புள்ளி. ஆகவே, 1–12 என்று எழுதினால் ஒரு கோலும் பன்னிரண்டு புள்ளிகளும் என்பது பொருள்; மொத்தம் பதினைந்து. 2025ஆம் ஆண்டில் வந்த புதிய விதியின்படி, 40 மீற்றர் வளைகோட்டுக்கு அப்பால் நின்று சட்டத்தின் மேலாக உதைப்பவருக்கு இரண்டு புள்ளிகள் கிடைக்கின்றன.

இவ்வாட்டத்தைப் பரிபாலிப்பது கேலிக் தடகள சங்கம். 1884ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாந் திகதி, தேர்ள்ஸ் என்னும் பட்டினத்தில் மைக்கல் கியூசாக் என்ற ஆசிரியரும் அவர்தம் நண்பர் சிலரும் கூடி இதனைத் தாபித்தனர். ஆங்கில ஆட்சியின் கீழ், தம் மொழியும் தம் பழைய விளையாட்டுக்களும் மறைந்தொழியும் என்று அஞ்சியவர்கள் அவர்கள். மூன்றே ஆண்டுகளில் அந்த இயக்கம் கிறொஸ்மக்ளென் வரை பரவிவிட்டது என்பதிலிருந்து அதன் வேகத்தை வாசகர்கள் உணரலாம்.

பிறந்த மண்ணுக்கே ஆட்டம்

இச்சங்கத்தின் ஏற்பாடுகளுள் எம்மை மிகக் கவர்ந்தது ஒன்று. இங்கே ஆட்டக்காரர் எவருக்கும் சம்பளம் இல்லை. எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சனங்கள் கூடும் டப்ளின் குறோக் பார்க் அரங்கில் ஞாயிற்றுக்கிழமை வீரனாய் விளங்குபவர், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கோ பண்ணைக்கோ தம் தொழிலைத் தேடிச் செல்வார். அதனினும் முக்கியம், அவர் எந்தக் கழகத்துக்கு ஆடுவது என்பதை விலை நிர்ணயிப்பதில்லை. பிறந்து வளர்ந்த கோயிற்பற்று எதுவோ, அதுவே அவர் கழகம். அங்கு திறமை காட்டுவோர் மாவட்டக் கோஷ்டிக்குத் தெரிவாவர். பணம் கொடுத்து ஆட்டக்காரரை வாங்கும் வழக்கம் அங்கில்லை. எனவே, ஒரு கிராமம் வெற்றி பெற வேண்டுமாயின், தன் பிள்ளைகளைத் தானே பயிற்றுதல் வேண்டும், வேறு வழியில்லை.

மற்றொரு சிறப்பையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். 1921இல் நாடு பிரிந்தபோதும் இச்சங்கம் பிரியவில்லை. முப்பத்திரண்டு மாவட்டங்களும் ஒரே சங்கத்தின் கீழேயே இருந்தன, இன்றும் இருக்கின்றன. அரசியல் எல்லையின் இருபுறத்து ஊர்களும் அல்ஸ்ரர் மாகாணச் சுற்றுப்போட்டியில் ஒன்றையொன்று எதிர்த்து ஆடுகின்றன. எல்லைக்கு அப்பால், கிறொஸ்மக்ளெனுக்கு அண்மையிலுள்ள இனிஸ்கீன் ஊரில் பிறந்த கவிஞர் பற்றிக் கவானா, தம் வாலிபத்தில் அவ்வூர்க் கோஷ்டியின் கோல் காவலராய் நின்றவர்.

வேலிக்கு அப்பால் இராணுவம்

விளையாட்டுக்கும் துப்பாக்கிக்கும் அயர்லாந்தில் பழைய பகை உண்டு. 1920ஆம் ஆண்டு நவம்பர் 21ஆந் திகதி, குறோக் பார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் அரச படையினர் உட்புகுந்து சுட்டதில் பதினால்வர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் திப்பறாறிக் கோஷ்டியின் ஆட்டக்காரர் மைக்கல் ஹோகன். அவர் பெயரை அவ்வரங்கின் மண்டபமொன்று இன்றும் தாங்கி நிற்கிறது.

அரை நூற்றாண்டு கழிந்தபின் அத்தகைய நிழல் கிறொஸ்மக்ளென் மீதும் விழுந்தது. 1969இல் வட அயர்லாந்தில் மூண்ட கலகங்கள் முப்பது ஆண்டுகள் நீடித்து, ஏறக்குறைய 3,500 உயிர்களைக் காவு கொண்டன. ஐரிஷ் குடியரசுப் படையின் கோட்டையெனக் கருதப்பட்ட தென் ஆர்மாவில் வீதிப் பிரயாணம் ஆபத்தானது என்று கண்ட பிரித்தானிய இராணுவம், ஆகாய மார்க்கமாகவே ஆட்களையும் பொருட்களையும் கொண்டுவந்து சேர்த்தது. கிறொஸ்மக்ளென் பொலிஸ் நிலையத்தை அடுத்து இராணுவ முகாம் எழுந்தது. அம்முகாமுக்கு ஒட்டினாற்போல் இருந்ததுதான் றேஞ்சர்ஸ் கழகத்தின் ஒலிவர் பிளங்கற் மைதானம். 1681இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஆர்மா அதிமேற்றிராணியாரின் பெயரை அது தாங்கியிருந்தது.

எழுபதுகளில் மைதானத்து நிலத்தின் ஒரு பகுதியை இராணுவம் தன் தேவைக்கென எடுத்துக்கொண்டது. காவற் கோபுரங்கள் ஆடுகளத்தை நோக்கி நின்றன. சிறுவர் பயிலுகையிலும் பெரியோர் ஆடுகையிலும் ஹெலிக்கொப்டர்கள் தலைக்குமேலே இரைந்து இறங்கின. மதிலைத் தாண்டி முகாமுக்குள் விழுந்த பந்துகள் திரும்பி வருவது அரிது. பந்தொன்று வாங்கும் பணத்துக்கே கணக்குப் பார்க்கும் கிராமக் கழகத்துக்கு இஃது எத்துணை நோவைத் தந்திருக்கும்! கழகத்தார் பல்லாண்டுகள் முறையிட்டனர். தீவின் இதர கழகங்கள் அவர்களுக்குத் துணைநின்று குரல் கொடுத்தன. ஆயினும், றேஞ்சர்ஸ் கழகம் அம்மைதானத்தைக் கைவிட்டு வேறிடம் நாடிச் செல்லவில்லை. எஞ்சிய நிலத்தில் ஆடிக்கொண்டேயிருந்தது.

மறுபக்கத்தையும் மறைத்தல் நியாயமாகாது. தென் ஆர்மாவின் வீதிகளிலும் வயல்களிலும் உயிர்நீத்த இளஞ் சிப்பாய்கள் பலர். அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே. பொலிசாரையும் சிப்பாய்களையும் அங்கத்தவராய்ச் சேர்க்கலாகாது என்ற விதியொன்று கேலிக் சங்கத்தில் நெடுங்காலம் இருந்தது. 2001ஆம் ஆண்டிலேயே அது நீக்கப்பட்டது. அப்போதும் வடபகுதி மாவட்டங்களுட் பல, அந்நீக்கத்தை எதிர்த்தே வாக்களித்தன. காயம் ஆறுவதற்கு அத்துணை காலம் வேண்டியிருந்தது.

வெற்றியின் ஆண்டுகள்

அந்த நெருக்கடியிடையே வளர்ந்த பிள்ளைகளே கழகத்துக்குப் பொற்காலத்தைக் கொணர்ந்தனர். 1996 தொடக்கம் 2008 வரை, இடையறாது பதின்மூன்று ஆண்டுகள் ஆர்மா மாவட்டக் கிண்ணம் கிறொஸ்மக்ளென் வசமாயிற்று. மாவட்டத்தை வென்றோர் மாகாணத்தில் மோதுவர். மாகாண வெற்றியாளர் நால்வருள் இருவர் இறுதியாட்டத்தில் சந்திப்பர். அக்காலத்தில் அகில அயர்லாந்துக் கழக இறுதியாட்டம் மார்ச் 17ஆந் திகதி, புனித பற்றிக் திருநாளன்று நடப்பது மரபு.

1997ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், தென் ஆர்மாவின் பெஸ்புறூக் கிராமத்துச் சோதனை நிலையத்தில் இளஞ் சிப்பாய் ஒருவர் மறைந்திருந்து சுட்டவரின் குண்டுக்கு இரையானார். அடுத்த மாதம் பற்றிக் திருநாளன்று, கிறொஸ்மக்ளென் இளைஞர் மாயோ மாவட்டத்து நொக்மோர் கழகத்தை வென்று அகில அயர்லாந்துக் கிண்ணத்தை முதன்முறையாக ஊருக்குக் கொணர்ந்தனர். துக்கச் செய்தி ஒன்றுக்காக மட்டுமே உலகப் பத்திரிகைகள் உச்சரித்துவந்த ஊர்ப்பெயர், அன்று விளையாட்டுப் பக்கத்தில் இடம்பெற்றது.

1999இல் பலினா கழகத்தை 0–9க்கு 0–8 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளியால் வென்றனர். 2000இல் தலைநகர் டப்ளினின் நா ஃபியானா கழகம் அவர்களிடம் தோல்வியுற்றது. 2007, 2011, 2012 ஆகிய ஆண்டுகளிலும் கிண்ணம் அவ்வூருக்கே. ஆக ஆறு முறை. 1,600 பேர் வாழும் ஊருக்கு!

முதல் மூன்று வெற்றிகளுக்கும் பயிற்றுநராய் இருந்தவர் ஜோ கேர்ணன் என்னும் அவ்வூர்ப் பழைய ஆட்டக்காரர். 1977இல் ஆர்மா மாவட்டக் கோஷ்டிக்காக அகில அயர்லாந்து இறுதியாட்டத்தில் ஆடி, இரு கோல்கள் போட்டும் டப்ளினிடம் தோற்றவர் அவர். பின்னர் ஆர்மாக் கோஷ்டியின் பயிற்றுநரான அவர், 2002ஆம் ஆண்டு மீண்டும் இறுதியாட்டத்துக்கு வந்தார். எதிரே நின்றது, கிண்ணங்கள் பல குவித்த கெரி. இடைவேளையில் ஆர்மா நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. கிறொஸ்மக்ளென் வீரர் ஓஷீன் மக்கொன்வில் தமக்குக் கிடைத்த தண்டனை உதையையும் தவறவிட்டிருந்தார். அவ்வேளை கேர்ணன், 1977இல் தோற்றவருக்கெனத் தமக்குக் கிடைத்த நினைவுப் பலகையை எடுத்துக் காட்டி, அதனைச் சுவரில் எறிந்து உடைத்தார் என்பர். பிற்பாதியில் அதே மக்கொன்வில் ஒரு கோல் போட்டார். ஆட்டம் முடிகையில் ஆர்மா 1–12, கெரி 0–14. ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஆர்மா மாவட்டம் தன் முதலாவது அகில அயர்லாந்துக் கிண்ணத்தைப் பெற்றது.

அக்கோஷ்டியில் இடம்பெற்றிருந்த கிறொஸ்மக்ளென் இரட்டையருள் ஒருவர் ரொனி மக்கென்ரி. பின்னாளில் அவரே தம் ஊர்க் கழகத்தைப் பயிற்றும் பொறுப்பில் பங்கேற்று, 2011, 2012 வெற்றிகளுக்கு வழிகாட்டினார். கேர்ணனின் புதல்வர் சிலரும் தந்தையின் கழகத்துக்கே ஆடினர். கற்றவர் கற்பிப்பதும், கற்பித்தவரின் பிள்ளை கற்பதுமாக அச்சங்கிலி அறாது வந்தது.

மண் மீண்டது

1998ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கைக்குப் பின்னர் தென் ஆர்மாவின் காவற் கோபுரங்கள் ஒவ்வொன்றாய் அகற்றப்பட்டன. எடுக்கப்பட்ட நிலமும் கழகத்தாரிடம் திரும்பி வந்தது. 2007ஆம் ஆண்டு ஜூலை 31ஆந் திகதி, முப்பத்தெட்டு ஆண்டுகள் நீடித்த பிரித்தானிய இராணுவ நடவடிக்கை முடிவெய்தியது. ஹெலிக்கொப்டர் இரைச்சல் இன்றிப் பந்தின் ஓசையை மட்டும் கேட்டு ஆடும் பாக்கியம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிட்டியது. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆர்மா மாவட்டம் கோல்வேயை வென்று தன் இரண்டாவது கிண்ணத்தைப் பெற்றபோது, அக்கோஷ்டியில் கிறொஸ்மக்ளென் இளைஞர் றியன் ஓநீலும் இருந்தார்.

இராணுவம் அகன்றாலும் கிராமக் கழகங்களின் கவலை ஒழிந்துவிடவில்லை. தொழில் தேடி இளைஞர் நகரங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்வதால், அயர்லாந்தின் நாட்டுப்புறங்களிற் பல கழகங்கள் பதினைந்து பேரைத் திரட்ட இயலாது தவிக்கின்றன. அயற் கழகத்தோடு கூடி ஒரு கோஷ்டி அமைப்பனவும் உள. வேலியிட்டுப் பறித்த நிலத்தைப் பொறுமையால் மீட்கலாம். ஆடுவோர் இல்லாதொழிந்த மைதானத்தை மீட்பது அதனினும் அரிது.

மாணவ நேயர்கள் இச்சரித்திரத்தில் கிண்ணங்களின் தொகையை மறந்தாலும் பாதகமில்லை. முகாமின் நிழலிலே, பாதி குறைந்த வசதிகளோடு, கூலி எதனையும் எதிர்பாராது மாலைதோறும் மைதானத்துக்கு வந்து, ஊர்ச் சிறுவருக்குப் பந்து பிடிக்கக் கற்பித்த அப்பெயரறியா மனிதர்களை நினைவில் இருத்துதல் நன்று. 1997ஆம் ஆண்டின் வெற்றி, அவர்கள் முன்னைய ஆண்டுகளில் விதைத்த விதையின் விளைவேயாகும்.