தோட்டத்துச் சொல்லும் பொதுத்தமிழும்



சில ஆண்டுகளுக்கு முன், ஜொகூரில் நம் தோட்டப் பள்ளியில், மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டோம். "கித்தா மரம் வெட்டுறாரு சார்" என்றான். "கித்தா என்று சொல்லாதே, இரப்பர் என்று சொல்" எனத் திருத்தினோம். அதன்பின் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவன் தாயார் வந்து, "வாத்தியாரய்யா, நாம பேசுறது எல்லாம் தப்புன்னு புள்ள சொல்லுதுங்க" என்றார். அந்தச் சொல் நம்மைச் சுட்டது.

எண்ணிப் பார்த்தோம். கித்தா மலாய் மொழியிலிருந்து வந்தது. நாம் கொடுத்த இரப்பரோ ஆங்கிலம்! பிறமொழி நிலத்திலிருந்து வரும் சொல்லை நன்னூல் திசைச்சொல் என ஏற்றுக்கொள்கிறது. ஒரு தொழிலார் தமக்குள் வழங்குவதைக் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது பழைய எடுத்துக்காட்டு. நம் பெரட்டும் அவ்வகையே. கடை, கப்பல், கட்டில் ஆகிய நம் சொற்களும் மலாய் மொழிக்குப் போய்க் கெடாய், காப்பால், காத்தில் என வாழ்கின்றன.

பொதுமொழியும் மாறுவதுதான். 1956இல் ஜொகூர் பாருவில் தோன்றிய டேவான் பஹாசா மலாய் மொழியை வளர்த்தது. 1972 ஆகஸ்டு 16இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒரே எழுத்துக்கூட்டலை ஏற்றன. 1978இல் தமிழ்நாட்டரசு ணை, லை, னை போன்ற எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது.

அப்படியானால் எப்படியும் பேசலாமா? கூடாது. இடமறிந்து பேச வேண்டும். நண்பனிடம் 'குவா', 'லு' என்பது நெருக்கம். வேலைக்கான நேர்முகத் தேர்வில் அதிகாரியிடம் அதையே சொன்னால் மரியாதைக் குறைவு. அங்கே 'சாயா', 'துவான்' என்றே சொல்ல வேண்டும். இதை அறியாத பிள்ளை, திறமை இருந்தும் வேலையை இழக்கக்கூடும். தமிழிலும் அப்படியே. வீட்டில் "வாரேன்" என்பது அழகு. தேர்வுத் தாளில் "வருகிறேன்" என்றே எழுத வேண்டும்.

மறுநாள் அந்த மாணவனைக் கரும்பலகை அருகே அழைத்து, அப்பாவின் வேலைச் சொற்களைச் சொல்லச் சொன்னோம். கித்தா, மங்கு, பெரட்டு, ஒட்டுப்பால் என அடுக்கினான். ஒவ்வொன்றின் எதிரிலும் பொதுச்சொல்லை எழுதினோம். ஒட்டுப்பாலுக்கு எதிரே எழுத நம்மிடம் வேறு சொல் இல்லை; அதையே எழுதினோம். பையன் சிரித்துவிட்டான்.

பெற்றோர்களே, உங்கள் பேச்சைக் குறித்து நாண வேண்டாம். பிள்ளை வீட்டுச் சொல்லைச் சொன்னால் அடக்காதீர்கள், "பள்ளியில் இதை எப்படிச் சொல்வாய்?" என்று கேளுங்கள். ஒரு சொல்லைப் பறித்து மற்றொன்றைக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டும் பிள்ளையிடம் இருக்கட்டும்.