வீடெனும் வேலை – 12: மேற்கு ஜன்னலுக்குத் தனி நியாயம்

கர்ட்டன் கடைக்குள் நுழைந்ததும் நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “உங்க வீட்டுச் சுவர் என்ன கலர் மேடம்?” என்பதுதான். அப்புறம் சோபாவின் நிறம் கேட்பார்கள். மீட்டருக்கு எவ்வளவு வரை போகலாம் என்று நாசூக்காக விசாரிப்பார்கள். ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள், நாமும் சொல்ல மாட்டோம். வாஸ்துவுக்காக அடுப்பு மூலையில் காம்பஸ் வைத்துப் பார்க்கிற ஊர்தான் இது. வெயில் எந்தப் பக்கமாக உள்ளே வருகிறது என்று பார்க்க மட்டும் அந்தக் காம்பஸ் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை.

சென்ற வாரம் சுவர் வண்ணம் பற்றிப் பார்த்ததால், இந்த வாரம் அதற்குப் பொருத்தமான திரைச்சீலை நிறங்களைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நிறம் உங்கள் இஷ்டம். நான் பேசப்போவது வெயிலைப் பற்றி.

சென்னையை எடுத்துக்கொள்வோம். பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் இன்னொரு முறை வரும். இடைப்பட்ட நான்கு மாதங்களும் சூரியன் வானத்தின் வடபாதியிலேயே எழுந்து, நகர்ந்து, மறைகிறது. அதாவது, கத்திரி வெயில் கொளுத்துகிற மே மாதத்தில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் துளிகூட விழாது. “தெக்கால ஜன்னல், வெயில் கொல்லுது” என்று அதற்குக் கனமான துணி வாங்கிப் போடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். தெற்கில் வெயில் விழுவது மார்கழியை ஒட்டித்தான். அப்போதும் இரண்டடி நீண்ட சன்ஷேடு, நண்பகலில் நாலடி ஜன்னலின் பாதிக்கு மேல் நிழல் தந்துவிடும். வடக்கு ஜன்னலில் ஜூன் மாதக் காலையிலும் மாலையிலும் சாய்வாகக் கொஞ்சம் வெயில் எட்டிப்பார்க்கும். இந்த இரண்டு திசைகளுக்கும் மெல்லிய பருத்தித் துணியே தாராளம்.

மேற்கு வேறு கதை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்துவிடுகிறது. சன்ஷேடுக்குக் கீழே நுழைந்து நேராகக் கண்ணாடியில் அடிக்கிறது. ஏற்கெனவே காலையிலிருந்து சூடேறிப்போன சுவரும் மொட்டை மாடியும் சேர்ந்துகொள்ள, மாலை ஆறு மணிக்கு அந்த அறைக்குள் காலெடுத்து வைக்க முடியாது. இதற்குக் கடைக்காரர் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்: “பிளாக்அவுட் போட்டுடுங்க சார், இருட்டாயிடும்.” இருட்டாகும், உண்மைதான். சூடு குறையுமா?

கண்ணாடி ஒரு வழிப் பாதை மாதிரி. சூரிய ஒளி அதன் வழியே சுலபமாக உள்ளே வந்துவிடும். துணியில் பட்டு வெப்பமாக மாறியபின், அந்த வெப்பம் அதே கண்ணாடி வழியே எளிதில் திரும்பிப் போகாது. அடர்ந்த காப்பி நிற பிளாக்அவுட் துணி மேற்கு ஜன்னலின் உட்புறம் தொங்கினால், வெயிலைக் குடித்துச் சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். மாலை ஐந்து மணிக்குத் துணியின் பின்னால் கையை விட்டுப் பாருங்கள், புரியும். அதனால் பிளாக்அவுட் வாங்கினால், கண்ணாடியைப் பார்க்கும் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிற துணியாகக் கேட்டு வாங்குங்கள். முன்பக்கம் எந்த நிறமாக இருந்தாலும் சரி. வெள்ளைப் பின்பக்கம் ஒளியை ஒளியாகவே வெளியே திருப்பி அனுப்பும். ஏற்கெனவே வீட்டில் இருக்கிற அடர் நிறத் துணிக்கு டெய்லரிடம் சொல்லி வெள்ளைக் காடாத் துணியில் லைனிங் வைத்தாலும் இதே பலன் உண்டு.

ஆனாலும் அது இரண்டாம் பட்ச வைத்தியம். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். பழைய வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. திண்ணையின் தூண்களுக்கிடையே மூங்கில் தட்டி தொங்கியது இதற்குத்தான். புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் ஜன்னலுக்கு வெளியே சாய்ந்த மரப்பட்டிகள் அடித்த கதவுகள் இருப்பதும் இதற்குத்தான். அவை காற்றை விட்டு வெயிலை மறித்தன. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிக்கும் வழக்கமும் உண்டு. வறண்ட காற்றடிக்கும் வேலூர், திருச்சி, மதுரையில் கோடைக்கு அது நன்றாகவே வேலை செய்யும். கடலோர ஈரக் காற்றில் நீர் சீக்கிரம் ஆவியாகாது என்பதால் அங்கே குளிர்ச்சி குறைவு, வாசனைதான் மிச்சம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பச்சை நிழல்வலை இருக்கிறது. நர்சரித் தோட்டங்களுக்காக விற்கிற அதே வலைதான். 50, 75, 90 சதவீதம் என்று நிழலின் அளவைச் சொல்லி விற்பார்கள். மேற்குப் பால்கனிக்கு 75 போதும். தொண்ணூறு போட்டால் காற்றும் குறைகிறது, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. அசோசியேஷன்காரர்கள் “வெளித்தோற்றம் கெட்டுப்போகுது” என்று வருவார்கள். வருடம் முழுக்க இல்லை, மார்ச் முதல் ஜூன் வரை மட்டும் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கும் மேற்கு ஜன்னல் இருக்கும் அல்லவா.

கிழக்கு ஜன்னலின் பிரச்சினை வெயில் அல்ல, காற்று. காலைப் பத்து மணிவரை வெயில் அடிக்கும், அத்தோடு சரி. நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று அந்தப் பக்கமாகத்தான் வரும். மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, நம் கடற்கரை ஊர்கள் போன்ற வெப்பமும் ஈரமும் நிறைந்த பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்த ஜன்னலைக் கனத்த பாலியஸ்டரால் நாள் முழுக்க மூடி வைத்தால் என்ன பயன்? கிழக்குக்கு லேசான துணி, முழுதாக ஓரத்துக்கு ஒதுங்குகிற துணி வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் அந்தப் பக்கமிருந்தே சாரலடிக்கும் என்பதால் நீளம் வேண்டாம். நனைந்த கீழ்மடிப்பில் கரும்புள்ளி விழுந்தால் அது துவைத்தாலும் போகாது.

இனி அளவு. கடையில் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். ஜன்னல் ஐந்தடி அகலம் என்று சொன்னால், நாலடி அகலத் துணி இரண்டு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மூடினால் போதுமான மடிப்பு விழாது. ராடு ஜன்னலைவிடப் பக்கத்துக்கு அரையடி நீள வேண்டும். அப்போதுதான் ஒதுக்கிய துணி கண்ணாடியை மறைக்காது. ஆக ராடு ஆறடி. துணி அதைப் போல் இரண்டு மடங்கு, பன்னிரண்டடி. 48 அங்குலத் துணியில் மூன்று அகலம். ஜன்னல் நாலடி உயரமென்றால் மேலும் கீழும் அரையடி விட்டு ஐந்தடி, மடித்துத் தைக்க இன்னொரு அடி. மூன்று அகலத்துக்கும் சேர்த்துப் பதினெட்டடி, சுமார் ஐந்தரை மீட்டர். பருத்தியாக இருந்தால் இன்னொரு அரை மீட்டர் சேர்த்து வாங்கி, தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே டெய்லரிடம் கொடுங்கள். ரிங் வைத்துத் தைப்பதென்றால் எண்ணிக்கை இரட்டைப்படையில் இருக்கட்டும். அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கும்.

தரையில் புரளும்படி தைத்துக்கொள்கிற புது மோகம் ஒன்று இருக்கிறது. தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கிற வீட்டில் அது வேண்டாத வேலை. அரை அங்குலம் மேலேயே நிற்கட்டும்.

துணிக்கு அலைய வேண்டியதில்லை. வெளிநாட்டு வீடுகளுக்கு ஜன்னல் துணி நெய்து அனுப்புகிற கரூர் நம்மிடம் இருக்கிறது. சென்னிமலை நெசவு கோ-ஆப்டெக்ஸில் கிடைக்கிறது. பட்டு ஜரிகை போட்ட கர்ட்டன் கல்யாண மண்டபத்துக்குச் சரி. வெயிலில் பட்டு இற்றுப்போகும்.

தெருவை ஒட்டிய தரைத்தள வீடுகளுக்கு, எங்கள் தலைமுறை பார்த்து வளர்ந்த அரை ஸ்கிரீனை மிஞ்ச எதுவும் இல்லை. ஜன்னலின் கீழ்ப்பாதியில் ஸ்பிரிங் கம்பி இழுத்துக் கட்டி ஒரு துணி. தெருவில் போகிறவர் கண் உள்ளே வராது, மேல்பாதியில் வெளிச்சமும் காற்றும் வரும். நடுவில் தொய்கிறது என்ற ஒரே குறைக்கு, ஸ்பிரிங்குக்குப் பதில் மெல்லிய ஸ்டீல் ராடு போட்டால் போதும். வெறும் நெட் துணியை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பகலில் அது மறைக்கும். இரவில் உள்ளே விளக்குப் போட்டால் தெருவுக்கே படம் காட்டும்.

சமையலறை ஜன்னலுக்குத் துணியே வேண்டாம். அடுப்பு பக்கத்தில் இருக்கிறது.

பிளைண்ட்ஸ் போடுகிறவர்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், தொங்கும் கயிறு இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். அந்தக் கயிறு கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கடைகளில் தயாராக விற்கும் பிளைண்ட்ஸுக்கு 2018 முதல் குழந்தைக்கு எட்டும் கயிறு இருக்கக் கூடாது என்று தரவிதி வந்துவிட்டது. நம் ஊரில் மணி கோத்த நீளக் கயிற்றோடு இன்னமும் விற்கிறார்கள். வேறு வழியில்லையென்றால் சுவரில் உயரமாக ஒரு கொக்கி அடித்துக் கயிற்றை அதில் சுற்றி வையுங்கள். தொட்டிலோ கட்டிலோ அந்த ஜன்னலடியில் வேண்டாம்.

பட்ஜெட் கையைக் கடிக்கிறதா? எல்லா ஜன்னலுக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டியோ வலையோ முதலில் கட்டுங்கள், மிச்சமிருக்கிற பணத்தோடு கர்ட்டன் கடைக்குப் போங்கள். அடுத்த வாரம் கொசுவலை.